சாம்பியன் சேட்

முடிந்துபோன அமெரிக்கன் ஃபுட்போல் சீசனை, குட்மேய்ஸ் பகுதி வீடொன்றின் ஹோலில் நின்று சுதர்சன் வாரம் வாரமாக அலசினான். சாம்பியன் அணியின் நீலச் சேட் போட்டிருந்தான். நண்பர்கள் வாய் பிளந்து கேட்டார்கள்.

எதிரே சோபாவில் இருந்த நிமலனுக்கு வயிறு எரிந்தது. எட்டு வருஷமாக இந்த விளையாட்டைப் பார்ப்பவன் அவன். சுதர்சன் போன வருஷம்தான் தொடங்கினான்.

"கோச்சை மாத்தினவுடனே தெரியும், கப் எங்களுக்குத்தான் எண்டு."

எங்களுக்காம். நிமலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்ரை அணி எப்பிடி மச்சான்?" என்று கேட்டான் சுதர்சன்.

"பதினேழு ஆட்டத்தில மூண்டு வெண்டது," என்றான் நிமலன், சுவரைப் பார்த்தபடி. "உங்களுக்கு அடிச்சது வெறும் அதிர்ஷ்டம்."

"அண்ணை, உந்தச் சேட் எங்க வாங்கினது?" என்றாள் நண்பன் ஒருவனின் மனைவி கம்சிகா.

"வாங்கேல்லைத் தங்கச்சி."

சுதர்சன் திரும்பி நின்றான். முதுகில் பெரிய எழுத்தில் நிமலனின் பெயர்.

"இந்த அணி இனி உருப்படாது, நிலம் துடைக்க வைச்சிரு எண்டு போன வருஷம் இவன்தான் கழட்டித் தந்தவன். எனக்குத்தான் துடைக்க மனம் வரேல்லை."