பத்தடி தள்ளி

கீரமங்கலத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஆன்டெனாவைப் பார்த்ததும் சூர்யபிரகாஷ் பைக்கை நிறுத்திவிட்டான். கீழே, 'ரேடியோ அலை ஆபத்து! பத்தடி தள்ளி நிற்கவும்' என்று போர்டு வேறு.

வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த செல்வராணியிடம் போனான்.

"அக்கா, நானும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வச்சிருக்கேன். உங்கள மாதிரி பாதுகாப்பு விதியை யாருமே மதிக்கிறதில்ல. உங்க ரேடியோ செட்டைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"மெதுவாப் பேசுங்க தம்பி!" அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். "செட்டெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா கம்பியைப் பலாமரத்துல கட்டி விட்டிருக்கேன். போன வருசம் ஒரு பழம் மிஞ்சல. இப்ப ஒரு பய கிட்ட வர்றதில்ல."

சூர்யபிரகாஷால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க. வெவரம் தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க," என்றாள். "மாமரம் அங்கிட்டுத் தள்ளி நிக்குது. போர்டுல முப்பதடின்னு மாத்துனா நம்புவாய்ங்களா?"