பேச்சாளருக்கு ஒரு தப்பு தேவை

"எனக்கு ஒரு தப்பு வேணும்மா" என்றார் பேச்சாளர், போனில்.

லிஸ்ட்டக்காவுக்குப் புரியவில்லை. அவர் பேசப்போகிற, குழாய்க் கம்பெனியின் ஆண்டு மாநாட்டுக்கு அவள்தான் பொறுப்பு. நாற்காலி எத்தனை, தண்ணீர் பாட்டில் எத்தனை என்று சதா ஒரு பட்டியலோடு திரிவதால் ஆபீஸ் வைத்த பெயர் அது. அந்தப் பட்டியலில் தப்பு என்று ஒரு வரி கிடையாது.

"தப்புன்னா... எந்த மாதிரி சார்?"

"உங்க கம்பெனியில நிஜமா யாரோ செஞ்ச தப்பு. அது தெரியாம நான் பேசினா, ஊர் ஊரா ஒப்பிக்கிற அதே பாட்டுத்தான். பாதியிலேயே எல்லாரும் போனை நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க."

ஏற்கெனவே மனிதர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மேடை எத்தனை அடி உயரம்? மைக் கையிலா, காலரிலா? "முதலாளியை எனக்கு நேர் எதிர்ல உட்கார வைங்க. அவர் கண்ணு எனக்குத் தெரியணும்." நேற்றைய கேள்வி அதைவிட அழகு: "அவர் அழுவாராம்மா?"

"சீரியல் பார்த்தா அழுவார் சார்."

"அருமை! அருமை!"

அவருக்கு எல்லாமே அருமைதான். இப்போது தப்பு வேண்டுமாம்.

அவளிடம் ஒன்று இருந்தது. கூடப்பிறந்தவன் செய்த தப்பு.

"என் தம்பி இங்க குடோன்ல இருந்தான் சார். போன வாரம் ஒரு லாரி லோடை மாத்தி வேற ஊருக்கு அனுப்பிட்டான். எட்டாம் மாசமே குழந்தை பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கு. மூணு நாளா தூக்கமில்லாம ஆஸ்பத்திரிக்கும் குடோனுக்குமா அலைஞ்சான். ஒன்பது வருஷத்துல அந்த ஒரு தப்புதான். முதலாளி வேலையை விட்டுத் தூக்கிட்டார். கம்பெனி இன்சூரன்ஸ் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் சார். அதுக்கப்புறம் குழந்தையை அந்தப் பெட்டிக்குள்ள எப்படி..."

கையிலிருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

"முதலாளிகிட்ட பேசினீங்களா?"

பேசினாள். மூன்று தடவை. மூன்று தடவையும் அவர் தொண்டையைச் செருமி, மேஜையைத் தட்டி, ஒரே வசனம்: "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துல ஒழுங்கு வேணுமா, வேணாமா?"

"நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சார்... நீங்க சொன்னா கேப்பார்."

எதிர்முனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"பார்க்கலாம்மா."

அன்று மாலை தம்பி கேட்டான். "அக்கா, எதாவது நடக்குமா?"

"நடக்கும்டா."

மாநாட்டு நாள். மைக் செட்காரர் "ஹலோ, செக், செக்" என்று நாற்பது தடவை உயிரை வாங்கினார். தொகுப்பாளினி "வணக்க்க்க்கம்" என்று ரப்பரைப்போல் இழுத்தாள். நானூறு விற்பனையாளர்களும் கொட்டாவி விட்டு முடித்தபோது பேச்சாளர் மேடை ஏறினார்.

லிஸ்ட்டக்கா திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி, நான் ஒரு குடோன்ல வேலை பார்த்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"ஒருநாள் ஒரு லாரியை மாத்தி அனுப்பிட்டேன். என் குழந்தை அப்போ கண்ணாடிப் பெட்டிக்குள்ள..."

அடப்பாவி! தம்பி பெற்ற பிள்ளையை அப்படியே தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டானே!

"முதலாளி கூப்பிட்டார். வேலை போச்சுன்னு நெனச்சேன். அவர் சொன்னார்: 'லாரி திரும்பி வந்துடும். நீ முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ.' அன்னிக்கு அவர் என்னைத் துரத்தியிருந்தா, இன்னிக்கு என் குழந்தை இல்லை."

அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முதல் வரிசையில் முதலாளி கைக்குட்டையை எடுத்தார். மூக்கைச் சிந்தினார். எழுந்து நின்று கை தட்டினார். நானூறு பேரும் எழுந்தார்கள்.

திருட்டுக் கதையோ என்னவோ, முதலாளி அழுதுவிட்டாரே! இப்போது விட்டால் எப்போது? கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"சார், என் தம்பியோடதும் இதேதான் சார். இதே லாரி, இதே குழந்தை..."

"என்னம்மா நீ!" கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "அவர் எங்க, உன் தம்பி எங்க? அவர் உழைச்சு மேல வந்தவரு. உன் தம்பி இடத்துக்கு நேத்தே ஆள் போட்டாச்சு. போ, சாப்பாட்டுக் கூடத்துல இலையா தட்டான்னு பாரு, போ."

போனாள். தட்டுகளை எண்ணினாள். எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை. தம்பியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

கூட்டம் சாப்பிட உட்கார்ந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள். பேச்சாளர் தனியாக நின்று காலர் மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு சார்! ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுதானே கேட்டேன்? எங்க வீட்டு அழுகையை வித்து நீங்க கைதட்டு வாங்கிட்டீங்க. எந்தக் குடோன்ல சார் வேலை பார்த்தீங்க? எந்தக் குழந்தை சார் உங்களுக்கு?"

"குடோன் வாசலைக்கூட நான் மிதிச்சதில்லம்மா. குழந்தையும் கிடையாது."

அவர் நிமிரவில்லை.

"உங்க தம்பி கதைன்னா அவர் காதுல ஏறாது. மூணு தடவை பார்த்துட்டீங்க. என் கதைன்னா அழுவார். அந்தக் கண்ணீர் காயறதுக்குள்ள, அது யார் கதைன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இப்பத்தான் போய்ச் சொன்னேன், 'சார், அது உங்க குடோன்காரரோட கதை'ன்னு."

"என்ன சொன்னார்?"

"'பிரமாதமான டெக்னிக் சார்'னு முதுகுல தட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டார்."

மைக்கின் ஒயரை மெதுவாகச் சுருட்டினார்.

"இவ்வளவு சீக்கிரம் காயும்னு நெனைக்கலம்மா."