முதல் வண்டி

"போதகரே ஓடிட்டார்!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஹுசுங் கத்தினான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தேவாலயக் கூடத்தில் இருந்த முப்பத்தெட்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தைவானின் தைதுங் மலைச் சரிவில் புயல்மழை மூன்றாவது நாளாக விடவில்லை. ஊரே நேற்றிலிருந்து அங்கேதான் தங்கியிருந்தது. விடிந்து பார்த்தால் பின்பக்க மலையில் வெடிப்பு. ஆற்றைத் தாண்டி, கீழே உள்ள பள்ளிக்கூடத்துக்கு உடனே போக வேண்டும். இருப்பது ஒரே பாலம்.

"யாரு, சாலிசானா?" என்றாள் லங்குயி.

"வேற யாரு? கொட்டகையில இருந்த இஞ்சி மூட்டை அத்தனையும் லாரியில ஏத்திக்கிட்டார். எங்க அம்மாவையாவது கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். 'இப்ப முடியாது'ன்னு கதவைச் சாத்திக்கிட்டுக் கிளம்பிட்டார்."

"மூட்டைக்கு இடம் இருக்கு, மனுஷங்களுக்கு இல்லியா?"

"போன ஞாயித்துக்கிழமை என்ன பிரசங்கம் பண்ணார்? 'ஆபத்து வந்தா ஆண்டவர் கையைப் பிடிச்சுக்கோங்க'ன்னார். ஆபத்து வந்ததும் அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டார்!" என்றான் ஹுசுங்.

அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

போதகரின் மனைவி ஆபுஸ் மூலையில், மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

லங்குயி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "உன்னையும் பிள்ளையையும்கூடவா விட்டுட்டுப் போவார்?"

"ஆண்டவர் இருக்கார் அக்கா."

"ஆண்டவர் இருக்கார். லாரிதான் இல்ல" என்றான் ஹுசுங். "யாரும் பயப்படாதீங்க. என் வேன் இருக்கு, பியுங்கோட வண்டியும் இருக்கு. அம்மா, எந்திரி. கிளம்பலாம்."

ஆபுஸ் சட்டென்று எழுந்தாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. அவர் போன் பண்ணினப்புறம் போகலாம்."

"எதுக்கு? அவர் மூட்டையை இறக்கி முடிக்கணுமா?"

"பொறுங்கன்னு சொல்றேன்ல."

"மலை பொறுக்குமா? நகரு!"

அவள் நகரவில்லை. ஹுசுங் கையை ஓங்காத குறைதான். பியுங் வந்து அவனைப் பிடித்து இழுத்தான்.

அப்போது ஆபுஸின் போன் அடித்தது. எடுத்தாள். கேட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கிளம்பலாம். ஒரு வண்டி முழுசா அந்தப் பக்கம் போனப்புறம்தான் அடுத்த வண்டி பாலத்துல ஏறணும். பத்துப் பேருக்கு மேல ஏத்தக் கூடாதாம்."

"ஓடிப்போனவர் அங்கேயிருந்து உத்தரவு வேற போடுறாரா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஹுசுங் அம்மாவைத் தூக்கி வேனில் உட்கார வைத்தான்.

இரண்டு வண்டிகளும் இரண்டு இரண்டு நடை போய்வந்தன. பாலத்தின் மறுமுனையில் சாலிசான் நனைந்தபடி நின்று, கை காட்டி ஒவ்வொரு வண்டியாக வரவழைத்தார். அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஹுசுங் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினான்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சூடாக வள்ளிக்கிழங்குக் கஞ்சி கொடுத்தார்கள். பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"இதுல சாலிசான் ஐயா யாரு?"

"வெளியில இருக்கார். என்ன சார், ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?" என்றான் ஹுசுங்.

"தப்பா? அவரை ஒரு தடவை பார்க்கணும் சார். காலையில போன்ல பேசினது நான்தான். நடுத் தூண் அடியில வெள்ளம் அரிச்சிருச்சு, பாலம் தாங்குமான்னு எனக்கே தெரியலைன்னு சொன்னேன். 'மேல மலை சரியுது, இங்கே இருக்கவும் முடியாது. ஒரு வண்டியில வர்ற ஆளுங்க எடையைவிட ரெண்டு மடங்கு பாரமா மூட்டை ஏத்திக்கிட்டு நான் தனியா வரேன். நான் வந்து சேர்ந்தா மத்தவங்களைக் கூப்பிடுறேன்'னு சொல்லிட்டு வச்சிட்டார்."

கூடத்தில் ஒருவரும் கஞ்சி குடிக்கவில்லை.

ஹுசுங் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஆபுஸ் முன்னால் போய் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அத்தனை பேச்சு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லிக்கிட்டேதான் அண்ணே இருந்தேன்" என்றாள் ஆபுஸ். "உங்ககிட்ட சொல்லியிருந்தா, அவரைத் தனியா விடக் கூடாதுன்னு நீங்களும் வேனை எடுத்துக்கிட்டுப் பாலத்துக்குப் போயிருப்பீங்க."