டேப்புக்கு அடங்கிய இடுப்பு

ஊரார் இடுப்பையெல்லாம் அளந்த தையல்காரருக்குத் தன் இடுப்பை அளக்க மட்டும் டேப் எட்டவில்லை.

"எனக்கு பேன்ட் தைக்க மீட்டர் கணக்கு பத்தாது, ஏக்கர் கணக்குதான்!" என்று தானே சிரித்துக்கொண்டு, தனக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு ஃபிட்னஸ் பட்டை வாங்கினார். தின்பதையெல்லாம் குடும்பத்துக்குப் பொதுவான ஆப்பில் அவரவர் பேரில் பதிய வேண்டும். அதிலுள்ள பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. நிறம் மட்டும் தெரியும்.

மனைவிக்கு எப்போதும் பச்சை. அவருக்குச் சாயங்காலமே சிவப்பு, அளவு மீறிவிட்டதாம்.

"ரெண்டு ரொட்டிதானேடி தின்னேன்!"

"உங்க உடம்புக்கு அதுவே ஜாஸ்தி போல."

தூக்கத்தில் எழுந்து தின்கிறோமோ என்று தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டு, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு படுத்தார்.

மூன்றே மாதத்தில் பேன்ட் இடுப்பிலிருந்து நழுவியது. அவரே பிடித்துத் தைத்துக்கொண்டார்.

"நினைச்ச எடைக்கு வந்தாச்சு. இனி எதுக்கு இந்தத் தொல்லை? ஆப்புல என் பேரை அழிச்சிடறேன்!"

மனைவி பதறிப்போய் போனைப் பிடுங்கினாள்.

"ஐயையோ, அழிச்சிடாதீங்க! அப்புறம் நான் தின்கிற கேக்கையெல்லாம் யார் பேர்ல எழுதறது?"