பீப்பாய் இறங்கும் முன்

தூத்துக்குடிக் கிடங்கில் லாரியில் வரும் பீப்பாய்களை இப்போது இயந்திரக் கைகளே இறக்குகின்றன. ஒவ்வொரு கையும் ஒரு பழைய தொழிலாளியின் அசைவைப் பார்த்துக் கற்றது. மூன்றாவது கை மட்டும் ஒவ்வொரு பீப்பாயையும் இறக்குமுன் சற்று நின்று, எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்தது.

“இதால நேரம் வீணாப் போவுது அண்ணாச்சி. இந்த அசைவ மட்டும் அழிச்சிரவா?” என்றாள் பொறியாளர் நிலோஃபர்.

மேற்பார்வையாளர் மிக்கேல் தன் நசுங்கிய இடது பாதத்தைப் பார்த்தார்.

“வேண்டாம் தாயி. அது எங்க சவேரியான். பதினெட்டு வருசம் லாரி மேல அவன், கீழ நான். ஒருநா அவன் இறக்குன பீப்பா என் கால்ல விழுந்துட்டு. பொறவு சாவுற வரைக்கும், நான் விலகிட்டேனான்னு பாக்காம அவன் எதையும் இறக்குனதில்ல.”

நிலோஃபர் எதையும் அழிக்காமல் கணினித் திரையை மூடினாள். அடுத்த பீப்பாயோடு அந்தக் கை மறுபடி நின்றது.

லாரிக்கு வெகுதூரத்தில் நின்ற மிக்கேல் சொன்னார்: “விலகிட்டேம்ல. இறக்கு.”