மாறிப்போன மீட்டர்

காலாவதியான மீட்டரைக் கழற்ற வந்த மின்வாரிய ஊழியர் திடீரென்று கையை நிறுத்தினார்.

“அம்மா, இதுல ஏதோ குளறுபடி. மூணு மாசமா உங்க மீட்டர் பூஜ்யம் காட்டுது. பூட்டிக் கிடக்குற மாடி வீட்டு மீட்டர்தான் ஓடுது. ஒயர் மாறியிருக்கு.”

கதவிடுக்கில் நின்ற அவள் அவசரமாக வெளியே வந்தாள்.

“அப்படியே இருக்கட்டும்ணா. மாத்தாதீங்க.”

“ஊரான் தலையில கட்டலாம்னு பாக்குறீங்களா?”

“ஐயோ, அந்த பில்லை நான்தாண்ணா கட்டுறேன்!” ரசீதுகளை எடுத்து வந்து நீட்டினாள்.

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அப்புறம் எதுக்கும்மா பயப்படுறீங்க?”

அவள் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கை வரைக்கும் சிகரெட்டால் சுட்ட வடுக்கள்.

“என் புருஷன் உங்க ஆபீஸ்ல ரீடிங் பாக்குற அதிகாரி. இது அக்காவோட காலி வீடு. நான் இங்க ஒளிஞ்சிருக்கேனான்னு ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்ல ரீடிங் பாக்குறாராம். பூஜ்யம்னு காட்டுறதாலதான் இன்னும் உயிரோட இருக்கேன்.”

ஊழியரின் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரோடு ஒட்டி நின்றாள்.

“சொல்லுங்க சார்... கீழ் வீடுதானே? இதோ, புது மீட்டர் மாட்டிடுறேன். ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு... ஆளா? கதவுல பூட்டு தொங்குது சார்.”

போனை அணைத்துவிட்டு அவர் அவளிடம் திரும்பினார்.

“உள்ள போய்க் கதவைச் சாத்திக்க, தங்கச்சி.”