மூன்று பிடி பொரி

தென்காசி வீட்டின் பின்னறையில் கையுறை மாட்டி உட்கார்ந்தபடி, அதன் அசைவுக்கேற்ப இயங்கும் இயந்திரக் கைகளால் நார்வே ஓட்டல் ஒன்றில் பரிமாறிக்கொண்டிருந்தான் இன்பன். கழற்றினால் வேலை போய்விடும். அந்த வேலைக்குத் தெருவெல்லாம் பட்டதாரிகள் காத்திருந்தார்கள்.

கூடத்தில் தங்கை யாழினியின் கல்யாணம்.

"பொண்ணு கையில பொரி போடணும், அண்ணன்காரன் எங்கே?" என்றார் ஐயர்.

"நார்வேயில! கூப்பிட்டா கேக்கும், வரத்தான் மாட்டான்" என்றார் சித்தப்பா. கூடமே சிரித்தது.

பின்னறையில் இன்பன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த தட்டைப் பரிமாறினான்.

கதவைத் திறந்துகொண்டு யாழினியே பொரித்தட்டோடு வந்து, அதை அவன் முன் வைத்துவிட்டுக் கையேந்தினாள். "எழுந்திரிக்க வேண்டாம்ணா. இங்கேயே போடு."

கையுறையோடு அள்ளிப் போட்டான். நார்வேயில் இயந்திரக் கைகள் ஒருவரின் தட்டிலிருந்த உணவை அள்ளி அவர் மடியில் போட்டன. அவன் எதிரே இருந்த திரையில் இன்பனின் பெயர் மறைந்து, உடனே வேறொருவன் பெயர் வந்தது.

"இன்னும் ரெண்டு தடவை போடணும்ணா."

கையுறைகளைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் பொரியை அள்ளினான் இன்பன்.